உரிமத் தமிழும் பள்ளி மென்பொருளும்: ஒரு மதிப்பீடு

விழிஞ்ஞம் அடங்கிய திருவனந்தபுரம் மாவட்டம் மலையாளமும் தமிழும் அடுத்தடுத்து வழங்கும் எல்லைப் பகுதியாகும். 2001 சூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்திலேயே ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டில் தோன்றிய கேரள அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பின்னாளில் குனு/லினக்சைப் பள்ளிக் கல்விக்கு உரியதாக ஏற்றது. 2017 முதல் கைட் என்னும் நிறுவனமாக அது இயங்குகிறது. அம்மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் தமிழிலும் வெளிவருகின்றன. ஆதலின், மென்பொருள் உரிமத்தின் விதிகளைத் தமிழில் எவ்வாறு உணர்த்துவது என்பது வகுப்பறையைச் சார்ந்த சிக்கலாகிறது.

'ஃப்ரீ' என்னும் ஆங்கிலச் சொல் விலையின்மை, விடுதலை ஆகிய இரு பொருளும் தரும். மலையாளம் 'ஸ்வதந்த்ர' என்பதைக் கொண்டு இவ்விருபொருண்மையை நீக்கிக்கொண்டது. தமிழில் 'இலவசம்', 'திறமூலம்', 'கட்டற்ற' என மூன்று வழக்குகள் உள்ளன. இவற்றுள் முதலாவது பிழையானது. குனு பொதுமக்கள் உரிமம் படிக்குக் கட்டணம் பெறுவதைத் தடுப்பதில்லை. 'திறமூலம்' மூலநிரலைக் காணலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உள்ள உரிமை அச்சொல்லில் வெளிப்படுவதில்லை. 'கட்டற்ற' என்பது வகைப்பெயராகப் பொருந்தும். எனினும், அதனையே விளக்கமாகக் கொண்டால் உரிமம் விதிக்கும் கடமை மறைந்துவிடும்.

அக்கடமை யாது? ஆசிரியர் ஒருவர் இம்மென்பொருளைப் பள்ளிக் கணினியில் இயக்குவதற்கு நிபந்தனை ஏதுமில்லை. மாணவர்க்குப் படியெடுத்து அளிக்கும்போதுதான் மூலநிரலையும் கிடைக்கச் செய்தல் வேண்டும். திருத்தி அளித்தால் அதே உரிமத்தின்கீழ் அளித்தல் வேண்டும். 'பயன்படுத்த அனுமதி' என்று மட்டும் எழுதும் தமிழ் விளக்கம், இயக்குதலையும் வழங்குதலையும் ஒன்றாக்கிவிடுகிறது.

1991இல் வந்த இரண்டாம் பதிப்பு, வழங்குதலைக் குறிக்கப் பதிப்புரிமைச் சட்டங்களில் பயிலும் சொல்லையே ஆண்டது. 2007இல் வந்த மூன்றாம் பதிப்போ, எந்நாட்டுச் சட்டச் சொல்லோடும் பிணையாதவாறு 'ப்ராபகேட்', 'கன்வே' என்னும் இரு சொற்களை வரையறுத்துக்கொண்டது. இரண்டையும் 'விநியோகம்' என்று பெயர்ப்பின் அவ்வரையறையின் நோக்கம் அழிகிறது. 'பரப்புதல்', 'கையளித்தல்' எனப் பகுத்தாளுதல் தகும். 'காப்புரிமை' என்பதும் இவ்வாறே தடுமாற்றம் விளைக்கிறது. அச்சொல் நூலுரிமைக்கும் கண்டுபிடிப்புரிமைக்கும் வழங்குகிறது. மூன்றாம் பதிப்பு இரண்டனையும் பேசுவதால், முன்னதற்குப் 'பதிப்புரிமை', பின்னதற்கு 'ஆக்கவுரிமை' என வேறுபடுத்துதல் இன்றியமையாதது.

உரிமத்தின் மொழிபெயர்ப்பு எதனையும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சட்டவலுவுடையதாக ஏற்பதில்லை. ஆங்கில மூலமே செல்லும். ஆயினும், தமிழ்வழி பயிலும் மாணவன் தன் உரிமையை அறிவது தமிழ் விளக்கத்தின் வாயிலாகவே. அங்கு 'இலவசம்' என்று படித்தவன் பெறுபவனாகவே நிற்பான். திருத்தலாம், கையளிக்கலாம், கையளிக்கும்போது மூலநிரலையும் தரவேண்டும் என்று படித்தவனே அம்மென்பொருளுக்கு உரியவனாவான்.