ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு: நம்பர்களைக் கொண்டுபோக எந்த வழி நல்லது?

ஐபோன் வாங்கப் போகிறவர்கள் கேமராவை விசாரிக்கிறார்கள், பேட்டரியை விசாரிக்கிறார்கள். பழைய ஆண்ட்ராய்டில் இருக்கும் நம்பர்கள் எப்படி வந்து சேரும் என்ற கேள்வி மட்டும் பெட்டியைப் பிரித்த பிறகுதான் எழுகிறது. குடும்ப டாக்டர், பள்ளி வேன் டிரைவர், கேஸ் ஏஜென்சி, ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் என்று வருஷக்கணக்காகச் சேர்த்த பட்டியல் அது. தொலைந்தால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு. அதனால் ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப், கூகுள் கணக்கு, விசிஎஃப் கோப்பு ஆகிய மூன்று வழிகளையும் செய்து பார்த்தேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது, நம்பர்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதை. ஆண்ட்ராய்டில் அவை சிம்மில் இருக்கலாம், போன் மெமரியில் இருக்கலாம், கூகுள் கணக்கில் இருக்கலாம். பலர் போனில் மூன்றிலும் சிதறிக் கிடக்கும். சிம்மில் பெரும்பாலும் 250 பேர் வரைதான் இடம். நீளமான பெயர் நடுவில் வெட்டுப்படும். போட்டோ, பிறந்தநாள் எதுவும் நிற்காது. ஐபோன் சிம்மில் இருப்பதைப் படித்து இறக்கிக்கொள்ளும், ஆனால் சிம்மில் எதையும் எழுதாது. ஆகவே சிம்மை நம்பும் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுவது நல்லது. சாம்சங் போனாக இருந்தால் கான்டாக்ட்ஸ் ஆப்பில் ‘மேனேஜ் கான்டாக்ட்ஸ்’ போய், ‘மூவ் கான்டாக்ட்ஸ்’ மூலம் எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு நகர்த்திவிடலாம். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

‘மூவ் டு ஐஓஎஸ்’ 2015-இல் வந்தது. ஆண்ட்ராய்டில் ஆப்பை நிறுவி, ஐபோன் திரையில் வரும் குறியீட்டை அதில் அடித்தால் இரண்டு போனும் வைஃபை வழியாகப் பேசிக்கொள்ளும். நம்பர்களோடு மெசேஜ், போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல் வரை கொண்டுவரும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. போன் முழுக்கத் தயாரான பிறகு ஞாபகம் வந்தால், அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பரிமாற்றம் முடியும்வரை ஆப் திரையிலேயே இருக்க வேண்டும். நடுவில் ஒரு அழைப்பு வந்தாலே கெட்டுப்போகலாம். நம்பர்கள் மட்டும் போதும் என்பவருக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

என் ஓட்டு கூகுள் கணக்குக்குத்தான். ஐபோனில் செட்டிங்ஸ் போய் கான்டாக்ட்ஸ் பகுதியில் (ஐஓஎஸ் 18 முதல் இது ‘ஆப்ஸ்’ என்பதற்குள் இருக்கிறது) அக்கவுன்ட்ஸைத் திறந்து ஜிமெயில் கணக்கைச் சேர்த்து, ‘கான்டாக்ட்ஸ்’ சுவிட்சை ஆன் செய்தால் போதும். பட்டியல் தானாக இறங்கத் தொடங்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். ‘டீஃபால்ட் அக்கவுன்ட்’ ஐகிளவுட் என்றிருந்தால், இனி சேர்க்கும் புது நம்பர்கள் ஐகிளவுடில் போய் உட்காரும், கூகுளுக்கு வராது. ஒரே பட்டியலாக வைத்துக்கொள்ள அதை ஜிமெயிலுக்கு மாற்றுங்கள். பின்னாளில் அந்தக் கணக்கை ஐபோனிலிருந்து நீக்கினால் நம்பர்களும் திரையிலிருந்து போய்விடும். பயப்பட வேண்டாம், கூகுளில் அவை பத்திரமாகவே இருக்கும்.

விசிஎஃப் கோப்பை நகர்த்தும் வழியாக இல்லாமல், காப்பு நகலாகவே பரிந்துரைக்கிறேன். கூகுள் கான்டாக்ட்ஸ் ஆப்பில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் மொத்தப் பட்டியலும் ஒரே கோப்பாகிவிடும். அதை உங்களுக்கே மெயில் அனுப்பி ஐபோனில் திறந்தால், எல்லாரையும் ஒரே தட்டில் சேர்க்கலாம். தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் இந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் திடுக்கிடுவார்கள். விகார்டு எனப்படும் இந்தக் கோப்பு வடிவத்தின் பழைய 2.1 பதிப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துமாக நிற்கும். ‘அம்மா’ என்ற பெயர் 45 குறிகள் கொண்ட சரமாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். ஐபோன் அதை ‘அம்மா’ என்றே படிக்கும்.

எல்லாம் வந்த பிறகும் “பாதிப் பேரைக் காணோம்” என்று பலர் பதறுவதுண்டு. காரணம் பெயரின் வரிசை. நாம் ‘ரவி பிளம்பர்’, ‘மதுரை சித்தி’ என்று பதிகிறோம். போன் இரண்டாவது சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. ஐபோன் குடும்பப் பெயர்படி அடுக்கினால் மதுரை சித்தியை ‘ம’வில் தேடிப் பயனில்லை, ‘சி’யில் இருப்பார். அதே கான்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் ‘சார்ட் ஆர்டர்’ என்பதை ‘ஃபர்ஸ்ட், லாஸ்ட்’ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குத் திரும்புகிறவர்கள் கம்ப்யூட்டரில் ஐகிளவுட் தளத்தில் நுழைந்து, கான்டாக்ட்ஸ் முழுவதையும் தேர்ந்தெடுத்து விகார்டாக எடுத்து, கூகுள் கான்டாக்ட்ஸ் தளத்தில் ‘இம்போர்ட்’ செய்தால் போதும்.

ஒரு வேண்டுகோள். நம்பர்களை மாற்றித் தருவதாகச் சொல்லும், யார் செய்தது என்றே தெரியாத ஆப்களுக்கு கான்டாக்ட்ஸ் அனுமதி கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை உங்களை நம்பி அடுத்தவர்கள் கொடுத்த எண்கள். அதேபோல, பழைய போனை விற்கும் முன் இரண்டு எண்ணிக்கைகளை ஒப்பிடுங்கள்: கூகுள் கான்டாக்ட்ஸ் காட்டும் மொத்தம், ஐபோன் பட்டியலின் அடியில் தெரியும் மொத்தம். இரண்டும் ஒத்துப்போன பிறகு பழைய போனை ரீசெட் செய்யுங்கள்.