ஆல்புமின் 'நில்' என்றால் நிம்மதியா?

களியக்காவிளைக் கர்ப்பிணிக்கு மருத்துவமனை இரண்டு பக்கமும் உண்டு. கேரள எல்லை தாண்டினால் பாறசாலை, காரக்கோணம். கிழக்கே குழித்துறை, மார்த்தாண்டம். எங்கே போனாலும் முதலில் கையில் தருவது சிறுநீர் பிடிக்க ஒரு குப்பி. சோதனைப் பட்டையை அதில் நனைத்து, ஒரு நிமிடத்தில் நிறம் பார்த்து, அட்டையில் எழுதுகிறார்கள்: 'ஆல்புமின் நில்', அதாவது சிறுநீரில் புரதம் இல்லை. வீட்டார் முகம் தெளிகிறது.

இந்தச் சோதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிரசவ வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரில் புரதம் இருப்பதை லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர் 1843இல் பதிவு செய்தார். இன்று, வலிக்காமல், ஆய்வகம் இல்லாமல், கிராம சுகாதார செவிலியரே செய்துவிடக்கூடிய எச்சரிக்கை மணி இது. சிறுநீரக நோய் இருப்பதைக்கூட முதன்முதலாகக் காட்டிக்கொடுப்பது பல நேரம் இந்தப் பட்டைதான்.

குறை அதை நம்பும் விதத்தில் இருக்கிறது. பட்டை காட்டுவது சிறுநீரில் புரதத்தின் அடர்த்தி எவ்வளவு என்பதை மட்டுமே. 'ஒன் பிளஸ்' என்றால் டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்தவருக்கு இல்லாத புரதம் தெரியலாம். ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் குடித்துவிட்டுக் காத்திருந்தவருக்கு இருக்கிற புரதம் மறையலாம். வெள்ளைப்படுதல் கலந்தாலும் முடிவு மாறும். இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மண்ணில், மூடாமல் வைத்த டப்பாவிலுள்ள பட்டைகள் ஈரம் பட்டுக் கெடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கர்ப்பகால இரத்த அழுத்த நச்சு நிலைக்கு (ப்ரீஎக்லாம்ப்சியா) சிறுநீரில் புரதம் கட்டாயம் இல்லை என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 2013இலேயே வரையறையை மாற்றிவிட்டது. இருபது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐத் தொட்டு, தட்டணுக்கள் குறைந்தாலோ, ஈரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டாலோ அதுவே போதும். புரதம் கூடிக்கொண்டே போகிறது என்பது மட்டும் உடனே பிரசவம் பார்க்கக் காரணமும் ஆகாது.

ஆபத்து அதிகமுள்ளவர்களிடம்தான் பட்டையை மட்டும் நம்பும் பழக்கம் அதிகம் தவறுகிறது. ஏற்கெனவே இரத்த அழுத்தமோ சர்க்கரையோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு ஏழாம் மாதத்தில் புரதம் தெரிந்தால், அது பழையதா புதியதா? முதல் மூன்று மாதத்து அளவு இல்லாமல் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லையில் வாழும் பெண்ணிடம் தொலைவது அந்த அளவு எழுதிய தாள்தான்: தொடக்கச் சோதனை தமிழ்நாட்டில், பிரசவம் கேரளத்தில் என்றால், தமிழ்நாட்டின் கர்ப்பப் பதிவான பிக்மி எண் இருந்தும் பழைய அளவு புதிய மருத்துவரின் மேசைக்கு வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை.

எனவே பட்டை இருக்கட்டும். அது கடைசிச் சொல்லாக வேண்டாம். ஆபத்துள்ள ஒவ்வொருவருக்கும் முதல் வருகையிலேயே புரத–கிரியாட்டினின் விகிதம் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். 24 மணி நேரம் சிறுநீர் சேர்க்கும் அவஸ்தை இல்லாமல் ஒரே மாதிரியில் இது கிடைத்துவிடும்; 0.3ஐத் தாண்டினால் கவனம். நச்சு நிலையைத் தடுக்க அவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்பதும் பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டியே பேசப்பட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் வீட்டாருக்கும் ஒன்று: விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால், அட்டையில் 'நில்' என்று எழுதியிருந்தாலும் அன்றே போய் இரத்த அழுத்தம் பாருங்கள். பழைய தாள்களையெல்லாம் கையோடு கொண்டு போங்கள்.