மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம்!

எங்கள் வீட்டு நிலைவாசலுக்கு மேலே இரண்டு மாதம் ஒரு கிழங்கு தொங்கியது. அதைப் பற்றிப் பேசிப் பேசியே ஆபீசில் எனக்குக் "கிழங்கு சார்" என்று பெயர் விழுந்துவிட்டது. விழட்டும்! நான் பார்த்ததை அவர்கள் பார்த்திருந்தால் லீவு போட்டுவிட்டு எங்கள் வாசலிலேயே பாய் விரித்திருப்பார்கள்.

வைகாசியில் ஒரு வேண்டுதலுக்காகத் திருத்தணி போனேன். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அந்த ஊருக்குச் சர்வசாதாரணம் என்பதால், விடிகாலை மின்சார ரயிலைப் பிடித்தேன். சரவணப் பொய்கைப் பக்கம் மொட்டை, ஒரு முழுக்கு, தலை நிறையச் சந்தனம், பிறகு படியேற்றம். வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள். நூறு தாண்டுவதற்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. ரயிலடியில் சாப்பிட்ட நாலு இட்லியை உடம்பு ஆக்சிஜன் ஊற்றி எரித்துக்கொண்டிருக்கிறது, புகை வாய்வழியே போகிறது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு ஏறினேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று மூச்சு வாங்காமல் என்னை வேடிக்கை பார்த்தது. அதற்குத் தேவை என் கையிலிருந்த தேங்காய் மூடி. வாங்கிக்கொண்டது, கேட்டு அல்ல.

இறங்கி வரும்போதுதான் அந்தப் பாட்டி. கோணிப்பையைப் பரப்பி, அதன்மேல் மஞ்சள் குங்குமம் வைத்த தடித்த கிழங்குகள். ஆகாச கருடன் கிழங்கு. திருஷ்டிக்கும் பாம்பு வராமல் இருக்கவும் வாசலில் கட்டுவார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை குறைவு. ஆனாலும் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம்.

"எதுல நடணும் பாட்டி?"

"நடக் கூடாது நைனா. கயித்துல கட்டித் தொங்கவுடு. மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம். காத்தைக் குடிச்சே துளுக்கும்."

உயிருள்ளது எதுவானாலும் உணவு, நீர், காற்று, இடம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கையில் அடி வாங்கி மனப்பாடம் செய்தவன் நான். பாட்டி ஒரே வரியில் பாதியை அடித்துவிட்டாள். விடுவேனா? வாங்கிவிட்டேன்.

பத்து நாள் அது சும்மா கிடந்தது. கல்லா, கட்டையா, உயிரா என்று யாராவது கேட்டிருந்தால் கல் என்றுதான் சொல்லியிருப்பேன். பதினோராம் நாள் காலை, பால் பாக்கெட் எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கிழங்கின் தலையில் பச்சையாய் ஒரு புள்ளி! கடுகளவு. மனைவியைக் கூப்பிட்டேன், மகளை எழுப்பினேன், மேல்மாடி மாமாவுக்கு போன் போட்டேன். என் மகள் பிறந்த அன்று கூட இத்தனை பேருக்குச் சொல்லவில்லை என்று மனைவி இன்னமும் குத்திக்காட்டுகிறாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பயிர் வளர்ந்தன. ஒன்று என் தலையில், ஒன்று வாசலில். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கிழங்கின் கொடியோ அதை ஒரே நாளில் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனது. இதில் வேடிக்கை, தலைக்கு வெளியே தெரியும் முடி செத்த பொருள். உயிர் வேரில் மட்டும்தான். அதனால்தான் சவரக்கத்தி பட்டும் வலிக்கவில்லை.

'வளர்வதெல்லாம் உயிர்' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பஞ்சாமிர்தத்தில் பல்லில் கடிபடுகிற கல்கண்டும் பாகில் நூலைப் பற்றிக்கொண்டு வளர்ந்ததுதான். ஆனால் அது வெளியே ஒட்டி ஒட்டிப் பருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு ஏறுகிற மாதிரி. கொடி தின்றதைத் தன் உடம்பாக மாற்றி உள்ளிருந்து வளர்கிறது. இன்னும் கெட்டிக்கார ஏமாற்றுப் பேர்வழி கற்பூரச் சுடர். டிசம்பர் 31 இரவு, அதே திருத்தணிப் படிகளில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழாவில் பார்க்க வேண்டும். சுடர் தின்கிறது, காற்று கேட்கிறது, மூடினால் சாகிறது, ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவும் செய்கிறது! உயிருக்கு என்ன குறைச்சல்? சேமிக்கத் தெரியாது, அதுதான். இருக்கிற கற்பூரத்தை எல்லாம் இப்போதே தின்று தீர்க்கும். நாளைக்கென்று ஒரு துணுக்கை ஒதுக்கி வைக்காது.

என் கிழங்கு ஒதுக்கி வைத்திருந்தது! தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வாங்கிய அன்றே அதை நிறுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துக் கொடியோடு சேர்த்து மறுபடி நிறுத்தேன். கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். எடை குறைந்திருந்தது. முழ நீளத்துக்குக் கொடி, விரித்த விரலாய் இலைகள், ஆனால் மொத்த எடை குறைவு. கிழங்கு சுருங்கித் தோல் மடிந்து கிடந்தது. மழைக்காலத்தில் வேரால் உறிஞ்சிய நீரும் இலை சமைத்த மாவும் உள்ளே இருப்பு இருந்திருக்கின்றன. கோடையில் மண்ணுக்கடியில் தூங்கி, பருவம் வந்ததும் எழுந்துகொள்ள அது பழகிக்கொண்ட வழி இது. மண்ணும் தண்ணியும் வேண்டாமென்று பாட்டி சொன்னது பொய்யில்லை. கிழங்கு இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறது!

பெல்ஜியத்து விஞ்ஞானி வான் ஹெல்மான்ட் இதற்கு நேர்மாறான வேலை செய்தவர். ஐந்து பவுண்டு வில்லோ கன்றை 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது இரண்டே அவுன்ஸ். அவர் இறந்தபின், 1648-ல்தான் அது நூலாக வந்தது. மரம் முழுக்கத் தண்ணீர்தான் என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் பாட்டி அவரைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறாள்: காற்றைக் குடிக்கிறது என்றாவது சொன்னாளே.

இதெல்லாம் ஒரு பக்கம். என்னைக் கிறுக்கனாக்கியது கொடியின் பற்றுக்கம்பி. நூல் போல ஒன்று காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஜன்னல் கம்பியைத் தொட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பியை வளைத்துச் சுருண்டுகொண்டது! கண் கிடையாது, காது கிடையாது, தொட்டது மட்டும் தெரிகிறது. தொல்காப்பியம் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வைத்து, அந்த ஓரறிவு தொடுவுணர்வு என்கிறதே, அந்த ஆசிரியரும் இப்படி ஒரு கொடியருகே உட்கார்ந்திருப்பாரோ? டார்வினும் உட்கார்ந்தவர்தான். அமெரிக்காவிலிருந்து தாவரவியலாளர் ஆசா கிரே அனுப்பிய விதையில் முளைத்த காட்டு வெள்ளரியைப் பார்த்துப் பார்த்து, ஏறுகொடிகளைப் பற்றி 1865-ல் ஒரு பெரிய கட்டுரையே எழுதிவிட்டார். ஆகாச கருடனும் அதே வெள்ளரிக் குடும்பம். டார்வினுக்கும் எனக்கும் கொடிவழி உறவு உண்டு என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

ஆனி கடைசியில் இலை மஞ்சளித்தது. இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை. அம்மா "திருஷ்டிக்குக் கட்டினதை அவுக்காதடா" என்று கத்தக் கத்த, அவிழ்த்துத் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். எட்டே நாளில் புதுத் துளிர்!

ஆடிக் கிருத்திகைக்கு மறுபடி திருத்தணி. மலையடிவாரம் எங்கும் பூக்காவடி. ஒரு பூக்கடைக் கூடையில் சாமந்திக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே கதகதப்பு! பறித்த பின்னும் பூ சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறது. நெருக்கி அடைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பூக்காரர் அடிக்கடி தண்ணீர் தெளிப்பது வாடாமல் இருக்க மட்டுமல்ல போலிருக்கிறது. "கையை எடுங்க சார், பூ கசங்குது" என்றார்.

கூட்டத்தில் பாட்டியைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஏறக்குறைய ஓர் அங்குல முடியோடு நின்ற என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கொடி, தராசு, பற்றுக்கம்பி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில் மண்ணில் நட்டதையும் சொன்னேன். பாட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"மண்ணுல வெச்சிட்டியா? அப்போ வாசலுக்கு இன்னொண்ணு வேணுமே நைனா."

பெரிதாகப் பார்த்து இரண்டு வாங்கினேன்.