சொந்தப் பாட்டுக்கு ஒரு மேடை

ஜூன் 21 அன்று பிரான்சில் வீட்டுக்குள் கிடக்கும் கிட்டாரும் டிரம்பெட்டும் தெருவுக்கு வந்துவிடும். 1982-இல் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் தொடங்கிவைத்த விழா அது. ஐம்பது லட்சம் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஏதாவதொரு வாத்தியம் வாசிக்கத் தெரியும், இளைஞர்களில் இருவருக்கு ஒருவர் வாசிக்கிறார் என்று அமைச்சகத்தின் ஆய்வு சொன்னது. அப்படியானால் இத்தனை பேரும் எங்கே வாசிக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ஃபெத் தெ லா மியூசிக். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறிய புதுச்சேரியிலும் இந்த விழா வேர்பிடித்தது. 1889-இல் தொடங்கப்பட்டு, சுப்ரேன் வீதியில் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் அதை இங்கே நடத்துகிறது.

டிக்கெட் இல்லாத மேடை ஒரு ஊருக்குப் பெரிய சொத்து. அந்த மேடையில் என்ன பாடப்படுகிறது என்பதுதான் கேள்வி. நம் ஊர்களில் கிட்டாரும் டிரம்ஸுமாக ஒரு குழு மேடையேறினால், கூட்டம் முதலில் கேட்பது தெரிந்த பாட்டைத்தான். இளையராஜா, ரஹ்மான், இல்லையென்றால் கோல்ட்பிளே. குழுவும் அதைத்தான் தருகிறது. சொந்தப் பாட்டு எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ தயங்கித் தயங்கி வரும். அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும்.

1908 முதல் 1918 வரை இதே புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் தன் காலத்துக் கச்சேரிகளைப் பற்றி ஏறக்குறைய இதையேதான் சொல்லி வருந்தினார். எந்த ஊருக்குப் போனாலும் அதே சில கீர்த்தனைகள், பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பொருள் விளங்காத பாட்டுகள். தமிழில் புதிதாகப் பாட்டுகள் பிறக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நூறாண்டு கழித்து அந்தக் கோரிக்கையைச் சபாக்களைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் கிட்டார் பிடித்த பிள்ளைகள். அவர்கள் செய்திருக்கும் பாட்டுகளைத் தேடிக் கேட்பதற்கு இது நல்ல நேரம்.

சென்னையில் ராக் இசை வெகுகாலம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அடையாறில் இயங்கிய அன்வைண்ட் சென்டர், அங்கிருந்து கிளம்பிய ‘ஜூன் ராக் அவுட்’ விழா, ஐஐடியின் சாரங் போட்டிகள் என்று அதன் உலகம் சிறியது. ஜங்க்யார்டு குரூவ், ஸ்க்ராட், கிஷோர் கிருஷ்ணாவின் ‘ஆடம் அண்ட் தி ஃபிஷ் ஐட் பொயட்ஸ்’ எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள். இந்த வரிசையில் இன்றும் புதிதாக ஒலிப்பது 2012-இல் உருவான ‘தி எஃப்16ஸ்’. 2016-இல் வந்த ‘டிரிகர்புங்க்டே’ ஆல்பத்தில் தொடங்கி, 2019-இன் ‘ஆம்பர்’, 2021-இன் ‘ஐ ஆம் ஆன் ஹாலிடே’ என்று கேட்டு வந்தால் ஒரு குழு எப்படித் தன் பாரத்தை இறக்கி வைக்கிறது என்பது தெரியும். தொடக்கத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்து, கீபோர்டும் பேஸும் முன்னுக்கு வருகின்றன. ஆடத் தூண்டும் தாளத்துக்கு அடியில் நகர வாழ்க்கையின் சலிப்பு ஓடுகிறது. பாடுவது ஆங்கிலம் என்பதற்காக இவர்களை ஒதுக்கத் தேவையில்லை.

ஆனாலும் தமிழில் ராக் பாடுவது தனிச் சவால். குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும் மொழி இது. ராக் மெட்டின் நீண்ட இழுவைக்குள் தமிழ்ச் சொல்லை வைத்தால், சொல் சிதையும் அல்லது மெட்டு திணறும். சினிமாப் பாட்டு தன் வழியில் இதைச் சமாளித்துவிட்டது. தனிக் குழுக்கள் ஆளுக்கொரு வழி தேட வேண்டியிருந்தது. கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்த ‘குரங்கன்’ பேச்சுத் தமிழைப் பேச்சின் வேகத்திலேயே பாடியது. வாசுகியின் ‘அழகு புரட்சி’ ஒரு கிட்டாரும் ஒரு குரலும் போதும் என்று காட்டிய தொகுப்பு. சான் ரோல்டன் தன் நண்பர்களோடு சேர்ந்து கர்நாடக சங்கீதப் பிடிகளைக் கிராமியத் தாளத்தில் ஏற்றினார். பரத் சங்கரின் ‘ஊர்கா’ நேரடியான, கனமான தமிழ் ராக்.

இந்தத் தேடலில் எல்லோரையும் தாண்டிப் போனது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் குழு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் முதன்முதலாக மேடையேறியது. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கவாத்தியமாக வரவில்லை. அவை போடும் தாளத்தின் மீது கிட்டார் ஏறி வருகிறது. மொழிச் சிக்கலும் இங்கே தீர்ந்துவிடுகிறது. மரண வீட்டிலும் தெருமுனையிலும் வளர்ந்த கானாவுக்குச் சொல்லை எங்கே நிறுத்துவது, எங்கே உதறுவது என்பது பழக்கத்தில் இருக்கிறது. இட ஒதுக்கீடு, வடசென்னை, மாட்டிறைச்சி எல்லாம் பாட்டாயின. சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிய ‘ஐ ஆம் ஸாரி ஐயப்பா’வைப் பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபா சீசனிலேயே இந்தக் கலைஞர்களுக்கு மேடை போட்டது. மாற்று இசை என்ற பெயருக்குத் தமிழில் முழுப் பொருள் தந்த குழு இதுதான்.

தமிழ்க் குழுக்களின் நிரந்தரக் கதை ஒன்று உண்டு. நன்றாகப் பாடுகிறவரைச் சினிமா அழைத்துக்கொள்ளும். நெமிசிஸ் அவென்யூ என்ற சென்னை ராக் குழுவில் இருந்த ரஹ்மான் காலத்திலிருந்தே இது நடக்கிறது. சான் ரோல்டன் ‘முண்டாசுப்பட்டி’க்கும் ‘ஜெய் பீம்’முக்கும் போனார், ‘லா பொங்கல்’ குழுவின் தர்புகா சிவா ‘கிடாரி’க்கு, பரத் சங்கர் ‘மண்டேலா’வுக்கு, கேரளக் குழுவான தைக்குடம் பிரிட்ஜின் கோவிந்த் வசந்தாகூட ‘96’-க்கு. சினிமாவுக்கு இதனால் லாபம்தான். அந்தப் படங்களின் இசை நன்றாகவே இருக்கிறது. வாழ வருமானம் வேண்டும், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு குழு பத்தாண்டு சேர்ந்து வாசித்தால் மட்டும் பிறக்கும் ஒலி ஒன்று இருக்கிறது. அது தமிழில் பிறக்க வாய்ப்பே அமையவில்லை என்பது உண்மையான இழப்பு.

மலையாளத்தில் அந்த வாய்ப்பு ஓரளவு அமைந்தது. புதுச்சேரிக்கு மலையாளம் அயல்மொழி அல்ல. ஒன்றியப் பிரதேசத்தின் மாஹே பேசும் மொழி. 2008-இல் வெளிவந்த ‘அவியல்’ குழுவின் ஆல்பம், மலையாள மாற்று ராக்கின் அடித்தளம். அதிலுள்ள ‘ஆடு பாம்பே’ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. பாம்பாட்டிச் சித்தரைப் படித்த தமிழ்க் காதுக்கு அது உடனே பழகிவிடும். ரெக்ஸ் விஜயனின் கிட்டார் அந்தப் பாட்டுக்கு அலங்காரம் செய்யவில்லை, அதன் ஆவேசத்தைப் பின்தொடர்கிறது. சித்தர் பாடல்கள் முழுவதும் கையில் இருக்கும் மொழியில், இப்படியொரு ஆல்பம் வர வேண்டும்.

புதுச்சேரியை ஒட்டி, பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் கிடக்கும் ஆரோவில்லில் வேறொரு பயிற்சி நடக்கிறது. கியூபெக்கில் பிறந்து இங்கே குடியேறிய நாடகா, கமகம் பேசும்படி கிட்டாரின் மெட்டுகளை (ஃப்ரெட்) மாற்றி ராக கிட்டார் ஒன்றை உருவாக்கினார். 2003-இல் தொடங்கிய ஸ்வரம் பட்டறை புதிய வாத்தியங்களைச் செய்கிறது. சாலிட்யூட் பண்ணையில் இயற்கை விவசாயம் செய்துகொண்டு, சரளமாகத் தமிழ் பேசும் பிரிட்டன்காரர் கிருஷ்ணா மெக்கென்சி, ‘எமர்ஜென்ஸ்’ குழுவோடு மண்ணைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் பாடுகிறார். ஆக, வாத்தியம் செய்யும் கைகளும் வாசிக்கும் கைகளும் நகரத்திலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கின்றன. புதுச்சேரி ஒயிட் டவுனின் விழா மேடைகளில் ஏறும் ஒவ்வொரு குழுவும் இரண்டு பாட்டாவது தன் சொந்தப் பாட்டாகப் பாட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டாலே, சில ஆண்டுகளில் இந்த ஊருக்கென்று ஒரு பாட்டுத் தொகை சேரும்.

கடல் தாண்டினால் முதலில் கேட்க வேண்டியவர் சுசீலா ராமன். லண்டனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2001-இல் வந்த ‘சால்ட் ரெயின்’ மெர்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதைவிட முக்கியமானது 2011-இன் ‘வேல்’. முருக பக்திப் பாட்டுகளைக் காவடி எடுத்தவரின் வேகத்தோடு பாடுகிறார். சாம் மில்ஸின் கிட்டார் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கிறது. தைப்பூசக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு ‘பால்’ பாட்டில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. சித் ஸ்ரீராமைச் சினிமாக் குரலாக மட்டும் அறிந்தவர்கள் 2023-இன் ‘சித்தார்த்’ ஆல்பத்தில் ‘டியர் சஹானா’வைக் கேட்கலாம். ஆங்கிலப் பாட்டு, கர்நாடக சங்கீதக் குரல், ரயன் ஓல்சனின் கரடுமுரடான தயாரிப்பு.

பாட்டு பிடித்துவிட்டால் அடுத்த கேள்வி, பணம் யாருக்குப் போகிறது என்பது. ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஒரு முறை கேட்டால் கலைஞருக்குக் கிடைப்பது சில்லறைகூட இல்லை. 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கட்டணம் கட்டும் செலவு போக மிச்சம் குழுவுக்கே. பிடித்த குழு அங்கே இருந்தால் ஆல்பத்தை விலைகொடுத்து வாங்கலாம். இல்லையென்றால் கச்சேரிக்குப் போய், மேடைக்குப் பக்கத்தில் அவர்கள் விற்கும் டி-ஷர்ட்டையோ சீடியையோ வாங்கலாம். அடுத்த பாட்டின் ஸ்டுடியோ வாடகைக்கு அது நேரே போய்ச் சேரும்.