பூசாத இரண்டு இடங்கள்

ஓவியனின் வளர்ச்சி பற்றி நம்மிடையே ஒரு எண்ணம் கேள்விக்கு உட்படாமலே புழங்கிவருகிறது. அவன் தன்னுள் ஆழ்கிறான், தன்னைக் கண்டுகொள்கிறான், கண்டதைக் கான்வாஸில் இறக்கிவைக்கிறான் என்பது. தன்னைக் காண்பது முதலில், கைவேலை அப்புறம். இந்த வரிசை தவறு என்பது என் கட்சி. பால் ஸெஸானை முன்வைத்து இதைப் பேசலாம்.

ஸெஸானின் தகப்பனார் 1848-இல் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் பாங்கு தொடங்கியவர். 1861-இல் ஓவியம் கற்கப் பாரிஸ் போய், நம்பிக்கை இழந்து அதே வருஷம் திரும்பிய மகனும் அந்தப் பாங்கில் சில மாதங்கள் வேலை பார்த்தான். 1862-இல் மீண்டும் பாரிஸ். 1860-களின் அவனது ஓவியங்களில் கொலை, ஆட்கடத்தல், இச்சை; கத்தியால் அப்பிய கனத்த வர்ணம். தன்னை வெளிப்படுத்துவதுதான் கலை என்றால் அவன் அப்போதே முழுமையடைந்துவிட்டான். ஆனால் அந்தப் படங்களில் இருப்பது ஸெஸானின் கொந்தளிப்பு. ஸெஸான் இன்னும் வரவில்லை.

1872-இல், 33 வயதில், பிஸாரோவின் நிலக்காட்சி ஒன்றை வாங்கிவந்து பார்த்து அப்படியே வரைகிறான். தனித்தன்மை பறிபோய்விடும் என்ற பயம் இல்லை. பறிபோகக்கூடியது தனித்தன்மையும் அல்ல. கொந்தளிப்பு அடங்கி, கண் வேலை செய்யத் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

1899-இல் படவியாபாரி வொல்லாரை வரைகிறான். 115 தடவை உட்கார்ந்ததாக வொல்லார் பின்னால் எழுதினார். அதன் பிறகும் கையில் இரண்டு சிறு இடங்கள் பூசப்படாமல் நின்றுவிட்டன. காரணம் கேட்டபோது ஸெஸான் சொன்னதன் சாரம்: அங்கே ஏதோ ஒரு வர்ணத்தை வைத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து முழுப்படத்தையும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

ஸெஸானின் சுயபரிசோதனை எங்கே நடந்தது என்பதற்கு இதுதான் விடை. நாட்குறிப்பிலோ தனிமையின் பெருமூச்சிலோ அல்ல. வைக்கப்போகும் ஒரு தீற்றல், ஏற்கெனவே வைத்த எல்லாத் தீற்றல்களையும் விசாரிக்கிறது. 'இது எனக்குத் தெரியுமா, தெரிந்ததாகப் பாவனை செய்கிறேனா?' என்ற கேள்வியைக் கான்வாஸ் கேட்கிறது. தெரியாது என்பதே பதிலானால், இடம் காலியாக இருக்கும்.

தினமும் உழைத்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பாங்கில் தினமும் கணக்குப் பார்க்கிறேன். கை வேகமாகியிருக்கிறது, நான் வளரவில்லை. மாலையில் கேஷ் டாலி ஆகிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். விடை முன்கூட்டியே உள்ள காரியத்தில் பழக்கம் உண்டு, வளர்ச்சி இல்லை. ஸெஸானுக்கு எந்த நாளும் டாலி ஆகவில்லை. ஸேன்ட்-விக்த்வார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தது மலையைப் பழகிக்கொள்வதற்காக அல்ல, பழகிவிடாமல் இருப்பதற்காக. 1906 செப்டம்பரில் மகனுக்கு எழுதும்போது, ஆற்றங்கரையில் இடம் மாறாமல் சற்று வலமோ இடமோ சாய்ந்தாலே மாதக்கணக்கில் வேலை இருக்கிறது என்ற பொருளில் எழுதுகிறான். அடுத்த மாதம் மழையில் நனைந்து விழுந்தவன், மறுநாள் தோட்டக்காரன் வாலியேவின் படத்தை எடுத்துக்கொண்டான். சில நாட்களில் இறந்துபோனான்.

இதை ஓவியர்களுக்காக மட்டும் எழுதவில்லை. நம் கவிதைகளில் தெரியாத இடம் வந்ததும் 'மௌனம்', 'வெறுமை', 'இருள்' என்று கைக்குக் கிடைத்த வார்த்தையைப் பூசிவிடுகிறோம். படிப்பதற்கு முழுமையாக இருக்கிறது. என் கட்டுரைகளிலும் 'தரிசனம்' என்ற வார்த்தை இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறது. திரும்பப் படித்தபோது தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் சில கட்டுரைகளை முதலிலிருந்து எழுத வேண்டும். சிலவற்றை எழுதவே முடியாது. எடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன்.