எங்க ஜூலிக்கு அக்குபங்சர்!

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் நாயைப் பிடித்துக்கொண்டு யார் எதிரே வந்தாலும் இப்போதெல்லாம் நான் விடுவதில்லை. நொண்டுகிறதா, படி ஏறத் தயங்குகிறதா என்று விசாரித்து, "அக்குபங்சர் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். திட்டட்டும்! எங்கள் ஜூலி மறுபடி மொட்டை மாடி ஏறுகிறாள். அதைக் கண்ணால் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

ஜூலி லேப்ரடார். வயது பதினொன்று. அந்த இனத்தில் நிறைய நாய்களுக்கு வரும் கோளாறுதான் இவளுக்கும்: தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல், வயது ஏற ஏற மூட்டு தேய்ந்துவிடுகிறது. நாய் இதற்கெல்லாம் கத்தாது, அழாது. மொசைக் தரையில் பின்னங்கால் வழுக்கும். எழுந்திருக்கும்போது முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுக்கும். ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். "வயசாயிடுச்சு, அவ்ளோதான்" என்று நாமும் விட்டுவிடுவோம்.

மெலாக்சிகாம் மாத்திரை முதலில் நன்றாகத்தான் கேட்டது. பிறகு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியது. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை என்பதால் டாக்டர் நிறுத்தச் சொன்னார். (வீட்டில் கிடக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.) மாத்திரையும் இல்லை, வலியோ அப்படியே இருக்கிறது என்ற நிலையில்தான், அக்குபங்சர் தனியாகப் படித்த ஒரு கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார்.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஷெல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டேன். ஊசியைக் கேட்டு வாங்கி மைக்ரோமீட்டரில் வைத்தேன். கால் மில்லிமீட்டர்! நாம் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு, மருந்து போக நடுவே துளை வேண்டும். இதற்குத் துளையே கிடையாது, வெறும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. டாக்டர் சிரித்துக்கொண்டே, "சார், அதைக் கீழே போட்டுடுங்க, புதுசு எடுத்துக்கறேன்" என்றார். ஒரு ஊசி ஒரு தடவைக்குத்தான்.

முதல் ஊசி முதுகெலும்பு இடுப்போடு சேரும் பள்ளத்தில் இறங்கியது. சீனர்கள் பைஹுயி என்று சொல்லும் இடம். ஜூலி திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்து தொடையில், முழங்காலுக்குக் கீழே, முதுகின் இரண்டு பக்கமும். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கி, தலையைத் தரையில் வைத்து, கீழுதடு தொங்கிவிட்டது. தீபாவளிச் சரவெடிக்குக் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிற ஜென்மம், உடம்பெல்லாம் ஊசியோடு குறட்டை விட்டது! பிறகு இரண்டிரண்டு ஊசியாக கிளிப் மாட்டி, சின்னப் பெட்டியிலிருந்து மெல்லிய மின்சாரம் கொடுத்தார். தொடைத் தசை லேசாகத் துடித்தது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்துக்குள்தான். அப்போது வாசலுக்கு வந்த மீன்காரம்மா கூடையை இறக்கவே இல்லை. "இன்னா நைனா, நாய்க்கு சூனியமா வெக்கிறீங்க?" பொம்மையில் ஊசி குத்தினது மாதிரிதான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாளே எழுந்து ஓடிவிடவில்லை. சொல்லப்போனால் அன்றைக்கு முழுக்கத் தூங்கினாள். வாரம் ஒரு முறை என்று தொடர்ந்தது. ஒருநாள் விடியற்காலையில் மாடிப்படியில் நகச் சத்தம். அட, அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! மேலே போனால், கைப்பிடிச் சுவரில் மோவாயை வைத்துக்கொண்டு காக்காய்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கிறாள்.

மாடி வீட்டுத் தம்பி இதையெல்லாம் ஒத்துக்கொள்ளமாட்டான். "சார், உங்க ஆசைக்கு உங்களுக்கு அப்படித் தெரியுது" என்பான். நாய்க்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் நாயை வளர்ப்பவனுக்கு உண்டு. அவன் கேட்பது நியாயம்தான். 2006ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பும் விலங்குகளுக்கான அக்குபங்சருக்கு ஆதாரம் போதாது என்றே முடித்தது. ஆனால் மறுவருடமே பிரேசில் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதுகெலும்பு வட்டு பிதுங்கி முடங்கிய நாய்களில், வழக்கமான மருந்தோடு மின் அக்குபங்சரும் சேர்த்துக்கொண்டவை சீக்கிரம் எழுந்து நடந்தன. இந்தக் கோளாறு அதிகம் வரும் டாஷ்ஹண்ட் இனத்தை வளர்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2010ல் அமெரிக்காவில் மைக்கென் நெடர்கார்ட் குழு சுண்டெலியின் முழங்காலுக்குக் கீழே ஊசி செருகித் திருகிப் பார்த்தது. அங்கே அடினோசின் என்ற பொருள் 24 மடங்கு பெருகியது. வலி நரம்பை அடக்குவது அதுதான். அடினோசினை ஏற்கும் ஏற்பி இல்லாத எலிகளுக்கு வலி குறையவே இல்லை. எலிக்கு என்ன ஆசை, என்ன நம்பிக்கை? தம்பிக்கு நான் கொடுத்த பதில் இதுதான். கூடவே டாக்டர் டேப் வைத்து எடுத்த தொடைச் சுற்றளவையும் காட்டினேன். சூம்பிப்போயிருந்த தசை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. டேப்புக்கு ஜூலி மேல் பாசம் கிடையாதே!

இந்த ஊசி வைத்தியம் நேற்று முளைத்ததும் இல்லை. குதிரை வைத்தியத்துக்கென்றே 1608ல் சீனாவில் ஒரு நூல் எழுதி, அதில் ஊசி போடும் இடங்களையும் சொல்லியிருக்கிறார்கள். இலங்கையில் யானைப் பாகர்கள் யானை உடம்பில் தொட வேண்டிய இடங்களை "நில" என்பார்கள். நம் வர்மத்துக்குப் பக்கத்து வீடு. அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் கூடி இதற்கென்று சர்வதேசச் சங்கம் தொடங்கியது 1974ல்.

ஜூலி குட்டியாகிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். மூட்டு தேய்ந்தது தேய்ந்ததுதான். ஊசி எலும்பை வளர்க்காது. எடையைக் குறைத்தோம், தரையில் ரப்பர் பாய் போட்டோம், அதற்கும் பங்கு உண்டு. மழை நாளில் இன்னும் நொண்டுவாள். செலவும் சும்மா இல்லை. ஆனாலும் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் கிடைத்தது என்பேன்.

பெரம்பூர்க்காரர்களே, முதலில் டவுட்டன் தாண்டி வேப்பேரிக்குப் போய், நாம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்து, வலி எதனால் என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டியாக இருந்தால் அந்த இடத்தில் ஊசி கூடாது. மனிதர்களுக்கு அக்குபங்சர் பார்ப்பவரிடம் நாயைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்ற டாக்டரிடம், இந்த ஊசி வைத்தியம் படித்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பூனையையும் தூக்கிக்கொண்டு போகலாம். ஓடுகிற மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். வயசாயிடுச்சு என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.