ராக் அண்ட் ரோலின் வேர்கள்: ப்ளூஸ் வழியும் கன்ட்ரி வழியும்

மெம்ஃபிஸ் நகரத்து சன் நிறுவனம் 1954 ஜூலையில் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் எண் 209. பாடியவர் 19 வயது எல்விஸ் பிரெஸ்லி. ஒரு பக்கத்தில், மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ரூடப் 1946இல் பதிவு செய்த ‘தட்ஸ் ஆல் ரைட்’ என்ற ப்ளூஸ் பாட்டு. மறுபக்கத்தில், கென்டக்கியின் வெள்ளையர் பில் மன்ரோ அதே 1946இல் பதிவு செய்த ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’. மன்ரோ அதை மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ் நடையில் நிதானமாகப் பாடியிருந்தார். எல்விஸ் குழு நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி வேகம் கூட்டியது. எல்விஸின் கிட்டார், ஸ்காட்டி மூரின் எலெக்ட்ரிக் கிட்டார், பில் பிளாக்கின் பேஸ், அவ்வளவுதான் பக்கவாத்தியம். டிரம்ஸ் இல்லை. பேஸின் தந்தியை இழுத்து விட்டு, அது பலகையில் அறையும் ஓசையையே தாளமாக்கினார் பிளாக்.

ஒரு தட்டின் இரண்டு பக்கங்களாக அன்று வந்தவை அதற்கு முன் ஒரே கடையில் ஒன்றாக விற்கப்பட்டவை அல்ல. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவர் பாட்டுகளை ‘ரேஸ்’ வரிசையிலும், தென்மாநில வெள்ளையர் பாட்டுகளை ‘ஹில்பில்லி’ வரிசையிலும் தனித்தனியே போட்டு விற்றன. 1949இல் பில்போர்டு இதழ் இவற்றை ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்றும் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்றும் பெயர் மாற்றியது. பிரிவினை அப்படியே இருந்தது. ஆனால் இந்தப் பிரிவினையைச் செய்தது வியாபாரம். பாடியவர்களும் வாசித்தவர்களும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டே இருந்தார்கள். ராக் அண்ட் ரோலைச் சரியாகக் கேட்க இதுதான் முதல் பாடம்.

ப்ளூஸ் வழி

ப்ளூஸின் இலக்கணம் சிறியது. நான்கு எண்ணிக்கை கொண்ட 12 சுற்றுகள் சேர்ந்தால் ஒரு சரணம். சரணத்தில் மூன்று அடிகள். முதல் அடி அப்படியே இரண்டாவதாகத் திரும்ப வரும், மூன்றாவது அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வோர் அடிக்கும் உள்ள நான்கு சுற்றுகளில் ஏறக்குறைய பாதியைக் குரல் எடுத்துக்கொள்ள, மீதியில் வாத்தியம் பேசும். சுரத்தில்தான் நுட்பம். கர்நாடக இசைப் பரிச்சயம் உள்ளவர்கள் கவனித்தால், சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே குரல் அசைந்து நிற்பது கேட்கும். பியானோவின் கட்டைகளில் அந்த இடம் கிடையாது. அதனால்தான் கிட்டார்காரர்கள் தந்தியை வளைத்தார்கள், அல்லது கத்தியையும் பாட்டில் கழுத்தையும் தந்திமேல் வழுக்கவிட்டார்கள்.

இந்த ஒரே இலக்கணத்தில் பல பாணிகள் வளர்ந்தன. மிசிசிப்பி, யாசூ ஆறுகளுக்கு இடையிலுள்ள பருத்திச் சமவெளியில் டெல்டா பாணி: சார்லி பாட்டன், சன் ஹவுஸ், 1936–37இல் 29 பாட்டுகள் மட்டும் பதிவு செய்துவிட்டு 1938இல் 27 வயதில் மறைந்த ராபர்ட் ஜான்சன். கனத்த தாளமும் அடிவயிற்றுக் குரலும் இதன் அடையாளம். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய பீட்மான்ட் பாணியில் விரல்கள் துள்ளும். பிளைண்ட் பிளேக் இதில் பெரிய கை. டெக்சஸில் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனும், அவருக்குப் பின் எலெக்ட்ரிக் கிட்டாரில் டி-போன் வாக்கரும் ஒற்றைத் தந்தி ஓட்டங்களை வளர்த்தார்கள். வேலை தேடி வடக்கே போன டெல்டா மக்களோடு ப்ளூஸும் சிகாகோ போனது. 1943இல் அங்கே சென்ற மடி வாட்டர்ஸ், மதுக்கடை இரைச்சலை மீற எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்தார். மற்றொரு பக்கம் லூயி ஜோர்டன், பிக் ஜோ டர்னர், வைனோனி ஹாரிஸ் ஆகியோர் சாக்ஸஃபோனும் பூகி-வூகி பியானோவும் கலந்து, ஆடுவதற்கான ஜம்ப் ப்ளூஸைத் தந்தார்கள்.

கன்ட்ரி வழி

கன்ட்ரி இசைக்கு 1927 முக்கியமான ஆண்டு. டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லை ஊரான பிரிஸ்டலில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் பதிவுக்கூடம் அமைத்தார். அங்கே ஆகஸ்டில் ஒரே வாரத்தில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பாடிப் பதிந்தார்கள். மேபெல் கார்ட்டர் கட்டைவிரலால் மந்தரத் தந்திகளில் மெட்டை வாசித்து, மற்ற விரல்களால் மேல் தந்திகளில் தாளம் வருடினார். இரண்டு பேர் வேலையை ஒரு கை செய்தது. ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்த ராட்ஜர்ஸ், கறுப்பினத் தொழிலாளர்களிடம் கேட்ட ப்ளூஸோடு, குரலைத் தாவவிடும் யோடலைச் சேர்த்து ‘புளூ யோடல்’ வரிசையைப் படைத்தார். அதில் 9ஆவது பாட்டுக்கு 1930இல் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

இதன் பிறகு மூன்று பாணிகள் கிளைத்தன. பில் மன்ரோவின் புளூகிராஸ், மாண்டலினும் பேஞ்சோவும் பாய்ந்து ஓடும் இசை. பாப் வில்ஸின் வெஸ்டர்ன் ஸ்விங், ஃபிடிலோடு டிரம்ஸையும் ஜாஸ் வாத்தியங்களையும் கூட்டி நடன அரங்கை நிறைத்தது. ஹேங்க் வில்லியம்ஸின் ஹாங்கி-டாங்க், குடும்பத் துயரையும் தனிமையையும் நேரடியாகப் பேசியது. அவரது 1947 வெற்றிப் பாட்டு ‘மூவ் இட் ஆன் ஓவர்’ அச்சு அசல் 12 சுற்று ப்ளூஸ்.

கூடிய இடங்கள்

இரு வழிகளும் கூடிய இடங்களில் முதன்மையானது மெம்ஃபிஸில் யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் 1950இல், பின்னாளில் சன் நிறுவனத்தைத் தொடங்கிய சாம் ஃபிலிப்ஸ் திறந்த சிறு பதிவுக்கூடம். 1951 மார்ச்சில் ஐக் டர்னரின் குழு ‘ராக்கெட் 88’ பதிவு செய்ய வந்தபோது, வழியில் அடிபட்ட ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் கரகரத்தது. ஃபிலிப்ஸ் அதற்குள் காகிதத்தைத் திணித்து, அந்தக் கரகரப்பையே பாட்டின் முதுகெலும்பாக்கினார். 1956இல் அதே அறையில் ஜானி கேஷ் ‘ஐ வாக் தி லைன்’ பாடினார். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. கிட்டார் தந்திகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி, டிரம்ஸைப் போல் ‘சரக் சரக்’ என்று ஒலிக்கவிட்டார். முன்னது கறுப்பினக் குழு, பின்னவர் வெள்ளையர். கையில் இருப்பதை வைத்து வேண்டிய ஓசையை வரவழைக்கும் புத்தி இரண்டு பதிவுகளுக்கும் பொது.

எதிர்த்திசைப் பயணத்துக்குச் சான்று சக் பெர்ரி. செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் கறுப்பின ரசிகர்கள் முன் கன்ட்ரி பாட்டுகளை விரும்பிப் பாடியவர். மடி வாட்டர்ஸ் வழிகாட்டியதால் சிகாகோவில் செஸ் நிறுவனத்துக்குப் போனார். 1955இல் வந்த ‘மேபெலின்’, பாப் வில்ஸ் 1938இல் பதிவு செய்த ‘ஐடா ரெட்’ என்ற ஃபிடில் பாட்டிலிருந்து முளைத்தது. நியூ ஆர்லியன்ஸில் ஃபேட்ஸ் டாமினோவும் லிட்டில் ரிச்சர்டும் பியானோ வழியை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பில் ஹேலி வெஸ்டர்ன் ஸ்விங் மேடையிலிருந்து வந்தவர். எவர்லி சகோதரர்கள் மலைநாட்டு அண்ணன் தம்பி ஜோடிப் பாட்டின் இழைந்த குரல்களைக் கொண்டுவந்தார்கள்.

தரம் அறிவது எப்படி

முதலில் தாளம். இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் விழும் அடி உறுதியாக இருக்க வேண்டும். அதே நேரம் நடை இறுகிப்போகக் கூடாது. நியூ ஆர்லியன்ஸ் டிரம்ஸ் கலைஞர் ஏர்ல் பாமரின் பதிவுகள் இதற்கு உரைகல். அடுத்தது, குரலுக்கும் வாத்தியத்துக்கும் இடையிலான உரையாடல். வாத்தியம் இடைவெளியை நிரப்பினால் போதாது, பாடகருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் தலையாயது: வாங்கிய பாட்டுக்குப் பாடகர் என்ன செய்தார்? சன் தட்டில் எல்விஸ் க்ரூடப்பையும் நகலெடுக்கவில்லை, மன்ரோவையும் நகலெடுக்கவில்லை. மன்ரோவே பிறகு தம் பாட்டை மீண்டும் பதிவு செய்தபோது, பாதியில் நான்கு எண்ணிக்கைக்கு மாறினார். இது பாரம்பரியம் வளரும் முறை. லிட்டில் ரிச்சர்டின் ‘டூட்டி ஃப்ரூட்டி’யைப் பாட் பூன் பாடியது வேறு வகை. அலறலையும் வியர்வையையும் துடைத்துவிட்டுப் பாடினார். பொதுப் பட்டியலில் மூலத்தைவிட மேலே ஏறினார். விற்பனையை வைத்துத் தரத்தை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒரு பாட்டு போதும்.

நான்காவதாக ஒரு நேர்மையும் தேவை: கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொல்வது. மன்ரோவுக்கு இளமையில் வழிகாட்டிய கறுப்பினக் கலைஞர் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ். ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சிறுவயதில் கிட்டார் காட்டியவர் தெருப்பாடகர் ரூஃபஸ் பெய்ன். கார்ட்டர் குடும்பத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளை நினைவில் ஏற்றி வந்தவர் லெஸ்லி ரிடில். இவர்களில் ஷுல்ட்ஸும் பெய்னும் வாசித்தது ஒரு தட்டில்கூடப் பதிவாகவில்லை. க்ரூடப்பின் குரல் பதிவானது, ஆனால் அவர் பாட்டு ஈட்டிய பணத்தில் உரிய பங்கு அவர் வாழ்நாளில் கைக்கு வரவில்லை.

ஆகவே இந்த இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் இளைஞர்கள் இரண்டிரண்டு பதிவுகளாகக் கேட்க வேண்டும். க்ரூடப்புக்குப் பிறகு எல்விஸ், பாப் வில்ஸுக்குப் பிறகு பெர்ரி, 1952இல் ‘ஹவுண்ட் டாக்’ பாடிய பிக் மாமா தார்ன்டனுக்குப் பிறகு 1956இன் எல்விஸ். எது வாங்கியது, எது சொந்தமாகச் சேர்த்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் காது பழகிவிட்டது என்று பொருள். கேட்டதைப் பிறருக்குச் சொல்லும்போது, பாடியவரின் பெயரோடு கொடுத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அந்த மரியாதை இந்த இசைக்கு நெடுங்காலமாகக் கடனாக நிற்கிறது.